ஐம்பதில் வளைந்தவர்கள்



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது தமிழர் இல்லந்தோறும் வழங்கும் பழமொழி. பிள்ளை வளர்ப்பில் பெற்றோர் கொள்ளவேண்டிய கருத்தை உணர்த்துவது இதன் முதன்மைப் பொருள். நாளடைவில் அது இடம் மாறிற்று. வயது வந்த ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்க முனையும்போது அவர் முன்னே குறுக்குக் கட்டையாக வந்து விழுவதும் இப்பழமொழிதான். இது வினா வடிவில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. ‘வளையாது’ என்பதே விடை எனக் கேட்போர் தாமாகவே முடிவு செய்துகொள்கின்றனர். அவ்வினாவிற்கு மற்றொரு விடையும் உண்டு என்று காட்டியவர் சிலர். அவ்விடையை அவர்கள் ஏட்டில் எழுதுவதற்கு முன் தம் உடம்பால் எழுதினர். நடுவயதிலும் முதுமையிலும் மிதிவண்டி பழகிய அத்தகையோரின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

இலக்கிய மேடையில் மிதிவண்டிக்கு என்ன இடம் என்னும் ஐயம் எழக்கூடும். காலந்தாழ்ந்து மிதிவண்டி கற்றோருள் உலகம் போற்றும் எழுத்தாளர் இருவர் உளர். கற்ற கதையை ஒரு நூலாகவே எழுதிய பெண்மணி ஒருவர் உளர். தமிழ் மண்ணில் ஒரு மாவட்டத்துப் பெண்கள் இலட்சக் கணக்கில் மிதிவண்டி ஏறியபோது, அவர்களுக்கு முன்னே சென்றது ஒரு பாட்டு. ஆகவே இப்பொருள் இலக்கியத்திற்கு அயலானது அன்று.

சொல்லும் பொருளும்

‘சைக்கிள்’ என்பது தமிழ் மக்கள் நாவில் நிலைத்துவிட்ட சொல். ‘மிதிவண்டி’ என்பது அதன் செயலால் பெற்ற பெயர்; ‘ஈருருளி’ என்பது அதன் உறுப்பால் பெற்ற பெயர். ஈழத்தில் ‘துவிச்சக்கர வண்டி’ என்பது ஏட்டு வழக்கு. தமிழ்நாட்டார் சைக்கிள் ஓட்டுவர், மிதிப்பர், சில வட்டாரங்களில் சைக்கிள் விடுவர். யாழ்ப்பாணத்தாரோ சைக்கிளை உழக்குவர். 1990-களில் எரிபொருள் தட்டுப்பாட்டின் இடையே யாழ்ப்பாணத்து அன்றாட வாழ்வைச் சுமந்தது பெரும்பாலும் அந்த உழக்கலே ஆகும். சிறுவர் ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து ஓட்டுவதைக் ‘குரங்குப் பெடல்’ என்று ஊர்ப்புறம் அழகாகப் பெயரிட்டது.

இச்சொற்கள் எல்லாம் இளமைக்கு உரியனவாகவே இருத்தல் கருதத்தக்கது. விடுமுறை நாளில் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகிய சிறுவனுக்குக் குரங்குப் பெடல் உண்டு. நாற்பத்தைந்து வயதில் பழக வரும் ஒரு பெண்ணுக்கோ, ஓய்வு பெற்ற ஒருவருக்கோ அப்படி ஒரு தனிச்சொல்லை மொழி ஆக்கித் தரவில்லை. சமூகம் எதிர்பாராத செயலுக்கு மொழியிலும் பெயர் பிறப்பதில்லை.

மூவர்

முதலாமவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன். 1884-ஆம் ஆண்டு, தம் 48-ஆம் வயதில், ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் மிதிவண்டி பழகினார். அக்காலத்து வண்டி இன்றைய வண்டி அன்று. முன்சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்திருக்கும், பின்சக்கரம் சிறிது. டுவைன் ஏறிய வண்டியின் பெரிய சக்கரம் 50 அங்குலம். அதிலிருந்து விழுவது திண்ணையிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். வண்டியோடு, காயத்திற்குப் பூசும் மருந்தையும் பீப்பாய்க் கணக்கில் வாங்கியதாக அவர் தமக்கே உரிய நகைச்சுவையோடு எழுதினார். ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, நாளுக்கு ஒன்றரை மணி நேரமாகப் பன்னிரண்டு மணி நேரம் பயின்றார். அந்த அனுபவத்தைக் கட்டுரையாகவும் எழுதினார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1910-இல் மறைந்த பின்னர் 1917-இல்தான் வெளிவந்தது.

இரண்டாமவர் ஃபிரான்சிஸ் வில்லர்டு. 1839-இல் பிறந்த இவர், அமெரிக்க மகளிர் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்திற்கு 1879 முதல் 1898-இல் தாம் மறையும் வரை தலைவராக இருந்தவர். 1892-இல் அன்னையை இழந்தார்; உடல்நலமும் குன்றியது. இங்கிலாந்தில் தம் தோழி ஹென்றி சாமர்செட் சீமாட்டியின் இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில், 53-ஆம் வயதில், மிதிவண்டி பழகத் தொடங்கினார். வண்டிக்குக் ‘கிளாடிஸ்’ என்று பெயரும் சூட்டினார். நாளொன்றுக்குச் சராசரி கால்மணி நேரம் வீதம் ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது என்று அவர் கணக்குக் கூறுகிறார். கூட்டிப் பார்த்தால் இருபது மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மிதித்தல், திருப்புதல், இறங்குதல், தானே ஏறுதல் என்னும் வரிசையில் தாம் கற்றதாக அவர் குறிப்பிடுகிறார். ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொண்டது அவ்வயதிற்குரிய அறிவு எனலாம். 1895-இல் வெளிவந்த ‘ஏ வீல் விதின் ஏ வீல்’ என்னும் சிறுநூலில் இவை யாவும் பதிவாகியுள்ளன.

வில்லர்டு ஏன் கற்றார் என்பதில் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. சிறுமியாக இருந்தபோது வயலிலும் தோப்பிலும் ஓடித் திரிந்தவர் அவர். பதினாறாம் வயதில் கூந்தலை முடிந்து, காலைத் தடுக்கும் நீண்ட பாவாடையை அணிவித்தபோது அந்த ஓட்டம் நின்றது. ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அவர் ஏறிய மிதிவண்டி, நின்ற இடத்திலிருந்து அந்த ஓட்டத்தைத் தொடர்ந்தது. இந்த வயதில் இவரால் இயலாது என்று பலர் கூறியதும் தாம் கற்றதற்கு ஒரு காரணம் என்று அவரே ஒப்புகிறார்.

மூன்றாமவர் லியோ டால்ஸ்டாய். 1895 பிப்ரவரியில் அவருடைய கடைசி மகன் வனிச்கா, ஏழு வயது நிரம்பும் முன்னரே செந்நச்சுக் காய்ச்சலால் இறந்தான். வீடே துயரில் மூழ்கிய அந்த ஆண்டின் வசந்த காலத்தில், மாஸ்கோவின் குதிரைப் பயிற்சிக் கூடத்தில், டால்ஸ்டாய் மிதிவண்டி பழகினார். அப்போது அவருக்கு 67-ஆம் அகவை நடந்துகொண்டிருந்தது. ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரினினா’ ஆகிய பெருநாவல்களை எழுதி முடித்தவர். உலக இன்பங்களைத் துறக்குமாறு எழுதி வந்த அறவோர். அவர் சக்கர வண்டியில் சுற்றி வருவது அவரைப் பின்பற்றிய அன்பர் ஒருவருக்கு வருத்தம் தந்தது. வேண்டாமென்று தடுக்கவும் முயன்றார். டால்ஸ்டாய் அதற்கு நாணவில்லை. தம்மை இது ஏன் ஈர்க்கிறது என்பது தமக்கே வியப்பாக உள்ளது என்றும், பிறர் நினைப்பதைப் பொருட்படுத்தாத ஒரு குழந்தை மகிழ்ச்சி இதில் உள்ளது என்றும் அவர் நாட்குறிப்பில் கருத்துரைத்தார். அவருடைய மிதிவண்டி மாஸ்கோவில் ஹமோவ்னிகி என்னுமிடத்து அவர் இல்ல அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டுள்ளது.

மூவரையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒன்று விளங்கும். டுவைன் ஆர்வத்தால் ஏறினார். மற்ற இருவரும் இழப்பிற்குப் பின் ஏறினர். வாழ்வில் எல்லாம் முடிந்து போயிற்று என்று எண்ணத் தக்க வேளையில், ஒன்றைத் தொடக்கத்திலிருந்து கற்கும் மாணவராக அவர்கள் தம்மை ஆக்கிக்கொண்டனர். துயரைக் கடக்க மிதிவண்டி மருந்து என்று இதனால் சொல்லிவிட இயலாது. ஆனால் துயரத்திற்கு வயது உண்டு. தொடக்கநிலை மாணவருக்கு வயது இல்லை.

விழும் பக்கம் திரும்புதல்

மிதிவண்டி கற்பதில் உண்மையில் கற்கப்படுவது யாது? மிதிப்பது அன்று, அது எளிது. விழும் பக்கமே கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்பதே கல்வியின் உயிர்நிலை. வண்டி இடப்புறம் சாய்ந்தால் அச்சம் கொண்ட உடல் வலப்புறம் திரும்பவே துடிக்கும். அவ்வாறு திருப்பினால் வீழ்ச்சி உறுதி. இடப்புறமே திருப்பினால் சக்கரங்கள் விழும் உடலுக்குக் கீழே மீண்டும் வந்து தாங்கிக்கொள்கின்றன. அறிவு இதனை ஒரு நொடியில் ஏற்கும். உடல் ஏற்கப் பல நாள் ஆகும் என்று டுவைன் இந்த முரணை விரிவாக விளக்குகிறார்.

சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவே வண்டியை நிறுத்துகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அவ்விளைவை நீக்கி அமைத்த ஒரு வண்டியும் ஆளின்றித் தானே நிமிர்ந்து ஓடக் கூடும் என்று செய்து காட்டியது. பம்பர விளைவு மட்டுமே காரணமாகாது. வண்டியின் எடை எங்கே அமைந்துள்ளது என்பது உள்ளிட்ட பல கூறுகள் சேர்ந்தே, விழும் பக்கம் சக்கரத்தைத் திருப்புகின்றன. நூறாண்டுகளுக்கு மேலாகக் கோடிக் கணக்கானோர் ஓட்டிவரும் ஒரு வண்டி ஏன் விழாமல் நிற்கிறது என்பதைப் பற்றி அறிஞர் இன்னும் ஆராய்கின்றனர் என்றால், ஐம்பது வயதில் பழகுவோர் முதல் வாரத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை.

மற்றொன்று பார்வை. கல்லைக் கண்டு அஞ்சி அதனையே நோக்கிக்கொண்டு சென்றால் வண்டி அக்கல்லின் மேலேயே ஏறும். கண் செல்லும் வழியே தோள் செல்லும். தோள் செல்லும் வழியே சக்கரம் செல்லும். ஆதலால் தரையையோ சக்கரத்தையோ நோக்காமல், போக வேண்டிய இடத்தை நோக்க வேண்டும். மூன்றாவது வேகம். அஞ்சுவோர் மெல்ல ஓட்டுவர். மெல்ல ஓட்டினால் வண்டி ஆடும். ஆடுவதால் அச்சம் வளரும். சற்றே விரைந்தால் வண்டி நிலைபெறும். அச்சம் சொல்லும் மூன்று அறிவுரைகளும், அதாவது எதிர்ப்பக்கம் திரும்பு, இடரையே பார், மெல்லச் செல் என்பன, மிதிவண்டியைப் பொறுத்தவரை பிழையான அறிவுரைகளே.

நாணம் என்னும் சுமை

சிறுவர்க்கும் முதியோர்க்கும் கற்றலில் உள்ள வேறுபாடு மூட்டிலும் எலும்பிலும் மட்டும் இல்லை. உடல்வேறுபாடு உண்மையே. விழுந்த காயம் ஆற நாளாகும். மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு வலிமை குறைவதால் முறிவு நேரும் வாய்ப்பும் மிகும். எனினும் இவற்றைக் காட்டிலும் பெருந்தடை நாணம். சிறுவன் விழுந்தால் உடன் நிற்கும் சிறுவர் சிரிப்பர். அவனும் எழுந்து சிரிப்பான். பேரப்பிள்ளை எடுத்த பெண் விழுந்தால் தெரு திரும்பிப் பார்க்கும். மகனுக்குத் தலைகுனிவு என்று வீடு எண்ணும்.

டுவைன் போன்ற புகழாளரே ஆளரவமற்ற பின்தெருவைத் தேடிப் பழகச் சென்றார். அங்கும் ஒரு சிறுவன் வாயிற்கம்பத்தின் மேல் அமர்ந்து, உடம்பெங்கும் தலையணை கட்டிக்கொண்டு வருமாறு அறிவுரை கூறினான். கற்றோருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இந்நிலை கடினமானது. பல ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்தவர், ஒரு பத்து வயதுப் பிள்ளை செய்வதைச் செய்ய இயலாமல் பலர் காண நிற்க வேண்டும். அறியாமையை மறைக்க முடிந்த கலைகள் பல. மிதிவண்டியில் அதற்கு வழியில்லை. ஒன்று ஓடும், அன்றேல் விழும்.

பெண்களுக்கு இந்நாணம் இரட்டைச் சுமை. வயது ஒன்று, பெண்மை மற்றொன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டிலும் மிதிவண்டி ஏறிய பெண்கள் ஏளனத்திற்கு ஆளாயினர். இரு சக்கரமும் ஒத்த அளவுடைய, 1885-இல் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ போன்ற வண்டிகளும், 1888-இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் வந்த பின்னரே பெண்கள் பெருமளவில் ஏற முடிந்தது. பெண்களின் விடுதலைக்கு வேறெதையும் விட மிதிவண்டி மிகுதியாக உதவிற்று என்று வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆண்டனி 1896-இல் ஒரு நேர்காணலில் கருத்துரைத்தார். அக்கருத்து வெறும் மேடைச்சொல் அன்று என்பதை ஒரு நூற்றாண்டுக்குப் பின் மெய்ப்பித்தது தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டம் ஒன்று.

புதுக்கோட்டையின் விடை

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் பணியைத் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பெண்களுக்கு நடமாட்டம் இல்லாமல் எழுத்து மட்டும் போதாது என்பது அதன் அடிப்படை. பெண் தொண்டர்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்க அவர் வழிசெய்தார். அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாடல் ஊர்தோறும் பரவி இயக்கத்தின் பண்ணாகவே ஆயிற்று.

பி. சாய்நாத் தம் ‘எவரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’ (1996) நூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பதினெட்டு மாதத்திற்குள் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றனர் என்பதும், பத்து வயதிற்குட்பட்ட சிறுமியரை விலக்கிப் பார்த்தால் அம்மாவட்டத்து ஊர்ப்புறப் பெண்களுள் நால்வருக்கு ஒருவர்க்கு மேல் கற்றனர் என்பதும், அவர்களுள் 70,000-க்கு மேற்பட்டோர் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினர் என்பதும் அவர் தரும் கணக்கு. 1992-இல் உலக மகளிர் நாளை ஒட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடியும் மணியோசையுமாகப் புதுக்கோட்டை நகரை மிதிவண்டியில் வலம் வந்தனர்.

வந்தவர்கள் யார் என்பதே முதன்மையானது. உழவுக் கூலியாளர், கல்லுடைக்கும் தொழிலாளர், மணிக்கல் பட்டை தீட்டுவோர், ஊர் நல வாழ்வுச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவுப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் இருந்தனர். எழுத்தை அப்போதுதான் கற்றவர் பலர். இவர்களுள் பலர் மனைவியர்; தாயர். பெண்களுக்குரிய சைக்கிள் கிடைப்பது அரிதானபோது, அவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஏற்றனர். ஆண்கள் சைக்கிளில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே செல்லும் குறுக்குக் கம்பி, சேலைக்கு இடையூறு என்றே பிறர் எண்ணுவர். அப்பெண்களோ குழந்தையை அமர்த்த அது வசதி என்றனர். குழந்தை முன்கம்பியில், தண்ணீர்க் குடம் பின்னே கேரியரில். தடையாகக் கருதப்பட்ட ஓர் உறுப்பு பயனாக மாறியது.

பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. தந்தை, அண்ணன், கணவன், மகன் என ஆண்களின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்து வண்டி வேண்டி நிற்கும் நிலை மாறியது. விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லும் பெண் பல ஊர்களை ஒரே நாளில் தொட முடிந்தது. இழிசொற்களும் எழாமல் இல்லை. ஆனால் தனியொருத்தி ஏறினால் ஏளனம். ஊரே ஏறினால் வழக்கம். நாணத்தைப் போக்கியது அறிவுரை அன்று, எண்ணிக்கை. வில்லர்டு தனித்து நின்று வென்ற நாணத்தைப் புதுக்கோட்டைப் பெண்கள் கூடி நின்று வென்றனர். இதுவே இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு.

எழுத்தும் உருளியும்

அறிவொளி கற்பித்தவை இரண்டு: எழுத்து, உருளி. இவ்விரண்டின் பின்னாள் வாழ்வு ஒன்றுபோல் அமைவதில்லை. வளர்ந்த பின் கற்ற எழுத்து, தொடர்ந்து படிக்க நூலும் எழுதத் தேவையும் இல்லாவிடில் மங்கிவிடும். உடலால் கற்ற கலையோ அவ்வாறு எளிதில் அழிவதில்லை. உடலியக்கத்தை ஒழுங்கு செய்யும் சிறுமூளை முதலியவற்றில் பதியும் இவ்வகை நினைவு, ஆண்டுகள் பல கடந்த பின்னும் சிறிது நேரத் தடுமாற்றத்திற்குப் பின் மீண்டு வரும். ஆனால் கலை மறவாதிருப்பது வேறு. கலை பயன்படுவது வேறு. வண்டி சொந்தமாக இல்லாவிடினும், சாலை அச்சமூட்டுவதாக இருப்பினும் மறவாத கலையும் வீட்டிற்குள்ளேயே முடங்கும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் காட்சி பெரிதும் மாறியது. 2000-களில் பதினோராம் வகுப்பு மாணவியர்க்கும் பின்னர் மாணவர்க்கும் அரசு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. ஆகவே பெண் சைக்கிள் ஓட்டுவது வியப்பிற்குரிய காட்சியாக இல்லாது போயிற்று. மொபெடும் ஸ்கூட்டரும் பெருகின. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்நிலையில், ஐம்பது வயதுப் பெண் மிதிவண்டி கற்பதில் என்ன பயன் என்று வினவுவோர் உளர். பேருந்து தன் வழியில் தன் நேரத்தில் வரும். ஸ்கூட்டருக்கு எரிபொருளும் உரிமமும் பணமும் வேண்டும். நினைத்த நேரத்தில், நினைத்த வழியில், எவரையும் கேளாமல் புறப்படுவதற்குரிய மலிவான வழி மிதிவண்டியே. பெர்லின் நகரில் 2015-இல் தோன்றிய ஓர் அமைப்பு, ஏதிலியராக வந்த பெண்களுக்கு மிதிவண்டி கற்பிப்பதும் இக்காரணம் பற்றியே. நாடு இழந்து வந்தவர்க்கு நகரத்தை அளிப்பது அது.

கற்கும் முறை

பின்னாளில் கற்க விழைவோர்க்குப் பயன்படும் முறை எளியது. பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் பழைய முறை வளர்ந்தோர்க்குப் பொருந்துவதில்லை. பிடிப்பவர் கை சமநிலையைத் தானே ஏற்றுக்கொள்வதால் கற்பவர் உடல் அதனைக் கற்பதில்லை. எடை மிகுதியால் இருவரும் விழ நேரும்.

முதலில் உயரம் குறைந்த, குறுக்குக் கம்பி இல்லாத வண்டியைத் தேர்ந்து, இருபாதமும் தரையில் முழுமையாகப் படியுமாறு இருக்கையைத் தாழ்த்த வேண்டும். இரு பெடல்களையும் கழற்றிவிட வேண்டும். பிறகு தரையைக் காலால் உந்தி உந்தி நகர வேண்டும். உந்தலுக்கும் உந்தலுக்கும் இடையே காலைத் தூக்கி, வண்டியைத் தானே செல்லவிடும் நேரம் நாளுக்கு நாள் நீளும். மூன்று நொடி, ஐந்து நொடி, பத்து நொடி என அது வளரும்போது சமநிலை கைவந்துவிட்டது என்று பொருள். பிரேக்கை அளவாகப் பிடிக்கவும் இப்போதே பழக வேண்டும். அதன் பின்னரே பெடல் பூட்டி மிதிக்க வேண்டும். பயிற்சி கால்மணி அல்லது அரைமணி போதும்; களைத்த உடல் கற்பதில்லை. சேலை உடுத்துவோர் செயின் கார்டும், பின்சக்கரத்தில் துணி சிக்காத வலைக்காப்பும் உள்ள வண்டியைக் கொள்ளல் வேண்டும். தலைக்கவசம் அணிவதில் நாணம் வேண்டா. மூட்டு நோயோ எலும்புத் தேய்வோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின் தொடங்குவது முறை.

கவிஞர்க்குரிய பாடம்

இவ்வரலாறு கவிஞர்க்கும் ஒன்றைச் சொல்கிறது. புதுக்கவிதையில் பெயர் பெற்ற ஒருவர் ஐம்பது வயதில் வெண்பா கற்கத் தொடங்கினால் நேர்வதும் இதுவே. தளை தட்டும், சீர் பிறழும், இளைஞர் ஒருவர் திருத்துவார். மரபில் ஊறிய ஒருவர் உரைவீச்சில் அடியெடுத்து வைத்தாலும் அதே தடுமாற்றம். கைவந்த வடிவத்திலேயே நின்றுவிட்டால் விழ வேண்டியதில்லை. ஆனால் அது ஓடாத வண்டி. நிற்கும் மிதிவண்டியை விழாமல் நிறுத்த முட்டுக்கொடுக்க வேண்டும். ஓடும் மிதிவண்டிக்கு முட்டு வேண்டியதில்லை.

ஓர் இலக்கிய வட்டத்தின் பணியும் இங்கே தெளிவாகிறது. முதிர்ந்த வயதில் முதற்கவிதையோடு வருபவரைக் கண்டு தெருச் சிறுவனைப் போல் தலையணை கட்டச் சொல்வதும் உண்டு. புதுக்கோட்டைப் பெண்களைப் போல் உடன் ஏறி எண்ணிக்கையால் நாணத்தைப் போக்குவதும் உண்டு. கற்போர் கூடினால் நாணம் குறையும் என்பது மிதிவண்டிக்கு மட்டும் உரிய உண்மை அன்று.

பழமொழி ஒரு வினாவை எழுப்பிற்று. வள்ளுவரும் ‘கல்வி’ அதிகாரத்தில் ஒரு வினாவை எழுப்பியுள்ளார். இறக்கும் நாள்வரை ஒருவர் கல்லாமல் கழிப்பது எதனால் என்பது அது. முதல் வினா கற்க வருபவரைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டாம் வினா கற்காமல் இருப்பவரைத் தட்டி எழுப்புகிறது. நாற்பத்தெட்டிலும் ஐம்பத்து மூன்றிலும் அறுபத்தேழாம் அகவையிலும் ஏறியவர்களும், புதுக்கோட்டையின் செம்மண் சாலையில் குழந்தையை முன்னே அமர்த்தி ஓட்டிய தாய்மாரும் வள்ளுவரின் வினாவிற்கே விடையளித்தவர்கள். அவர்கள் வளைந்தார்கள், விழும் பக்கமே வளைந்தார்கள், ஆதலால் விழாமல் சென்றார்கள்.